வெள்ளிக்கிழமைக் கரி

மேடம்,

இன்றைக்குக் காலையில் லேபில் உங்கள் மேஜை இழுப்பறையில் பட்டர் பேப்பர் தேடினேன். பேப்பர் கிடைக்கவில்லை. மூலையில் அந்தச் சின்னச் சொட்டு பாட்டில் கிடைத்தது. மேலே தெலுங்கில் என் பெயரை எழுதி நீங்கள் ஒட்டிய சீட்டு பாதி உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பது வெறும் சலவைச் சோடாத் தண்ணீர்தான், அதற்கு வாசனை ஏது? ஆனாலும் திறந்து மோந்தேன். பாரஃபின் எண்ணெயும் கரித்தூளும் கலந்த வாசனை வந்தது. பாட்டிலில் இருந்து வந்ததா, என் கையில் இருந்து வந்ததா தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலி என்று, உங்கள் இடத்துக்கு வந்திருக்கிற புது சாரிடம் சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

இதை மெதுவாகத்தான் எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்கத் தடுமாறும். பாசுரத்தைக்கூடத் தெலுங்கு எழுத்தில் அச்சடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் சொல்வீர்கள். நான் சத்தியவேட்டில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஐந்தாவது வரைக்கும் போனவள். அந்த ஒரு விஷயத்தில் உங்களைவிடப் பெரிய படிப்பு. “எழுத்துக் கூட்டிப் படிங்க மேடம், அவசரமே இல்ல” என்று நாலு பேர் முன்னால் உங்களைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். இப்போது உங்களுக்கு நிஜமாகவே அவசரமில்லை.

லேபைக் கூட்டித் துடைக்க வந்தவள் நான். பாகாலாவில் இருந்து காலை ரயிலைப் பிடித்துத் திருப்பதி வந்து, தரையைத் துடைத்து, கண்ணாடிச் சாமான்களைக் கழுவி வைத்துவிட்டு, சாயங்கால ரயிலுக்கு ஓடுவேன். உங்களுக்கு மணிக்கட்டில் வீக்கம். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, துணி சுற்றிக்கொண்டு, கல்வத்தில் எதையோ அரைத்துக்கொண்டிருப்பீர்கள். ஒருநாள் குழவியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள்.

“கன்னியம்மா, நோக்கு மாவாட்டத் தெரியுமோ?”

“இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க? எங்க அத்தை தொண்டைல இட்லி எறங்கணும்னா நான்தான் ஆட்டணும்.”

“இது இட்லிக்கு இல்லை. கரி.”

“கரியா? யார் மூஞ்சில பூசறதுக்கு?”

நீங்கள் சிரித்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். முன்பல் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறியிருந்தது.

அந்தக் கரி பென்சிலுக்குள் இருக்கிற கரிதான் என்றீர்கள். கருப்பு மாவுபோல டப்பாவில் வரும். அதில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அரைக்க வேண்டும். எண்ணெய் கூடினால் வழியும், குறைந்தால் உதிரும். கண்ணுக்குத் தீட்டுகிற மைபோல ஆனதும், பேனா ரீஃபில் மாதிரி இருக்கிற கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் திணிக்க வேண்டும். நடுவில் காற்று நின்றால் அத்தனையும் வீண். பின்பக்கம் செம்புக் கம்பி. முன்பக்கத்தைப் பட்டர் பேப்பரில் வைத்து, கட்டைவிரலால் அமுக்கி, வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தால் கண்ணாடிபோலப் பளபளக்கும். எலக்ட்ரோடு என்பது அதன் பெயர். நான் கரிக்குச்சி என்றேன். கொஞ்ச நாளில் நீங்களும் கரிக்குச்சி என்றே சொல்ல ஆரம்பித்தீர்கள். வெளியூரில் இருந்து வந்த பெரிய ஆள் ஒருவர் முன்னாலும் வாய் தவறிச் சொல்லிவிட்டு, என்னை முறைத்தீர்கள்.

அந்தப் பளபளப்பின்மேல் ஒரு சொட்டு என்ஜைம் வைத்து ஃப்ரிட்ஜில் காய விடுவீர்கள். என்ஜைம் என்றால் என்ன என்று நான் கேட்டதற்கு நீங்கள் சொன்னது இன்றைக்கும் எனக்கு அப்படியே ஒப்பிக்க வரும்.

“நம்ம ஒடம்புல ஒரு நரம்பு இன்னொண்ணுக்குச் சேதி சொல்றது இல்லையா, அந்த எடத்துல இது இருக்கு. சேதி போனதும் இது துடைச்சு விட்டுடும். அப்பத்தான் அடுத்த சேதி போகும். பூச்சி மருந்து பட்டா இது மயங்கிப் போயிடும். துடைக்க ஆளில்லாம சேதி அங்கேயே நின்னுண்டு, பூச்சி துடிச்சே செத்துப் போகும்.”

“தொடைக்கற வேலையா? அப்ப அது எங்க கட்சி மேடம்.”

“சிரிக்காதே. இந்தக் குச்சில அது நன்னா வேலை பண்ணினா கரண்ட் வரும், கம்ப்யூட்டர்ல கோடு நிமிர்ந்து நிக்கும். மருந்து பட்டதுன்னா கோடு படுத்துடும்.”

“மனுஷனுக்கும் இப்டித்தான் மயங்குமா?”

“மனுஷாளுக்கும் அதேதான்.”

“அப்ப எங்க வீட்டுக்காரர் ஒடம்புல இதெல்லாம் மட்ட மத்தியானத்துல தூங்கிக்கினு இருக்கும். அவரு மாந்தோப்புல மருந்துதான் அடிக்கறாரு” என்று சொல்லிவிட்டு நான் தரை துடைக்கக் குனிந்தேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால் நீங்கள் அசையாமல் நின்றுகொண்டிருந்தீர்கள்.

எங்கள் பக்கத்துத் தோப்புகளுக்கெல்லாம் அவர்தான் மருந்து அடிக்கிற ஆள். முதுகில் மிஷின், வாயைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. பூ விடும் காலத்தில் தினமும் ஒரு தோப்பு. ராத்திரி தலையணை எச்சிலில் நனைந்திருக்கும். டீ கிளாஸைப் பிடித்தால் டீ ஆடும். “குடிக்காமலே ஆடற ஒரே ஆம்பள நம்ம ஊர்ல நீதான்யா எத்திராஜு” என்று நான் கேலி பண்ணுவேன். அவர் “ஏமீ காலேது, உடு” என்பார். உடம்புக்கு எது வந்தாலும் தெலுங்கில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவார். தமிழில் சொன்னால் பொய் தெரிந்துவிடும் என்று நினைப்போ என்னவோ.

“அவரைக் கூட்டிண்டு வா” என்றீர்கள். ஒருதரம் இல்லை, பார்க்கும்போதெல்லாம் சொன்னீர்கள். அவர் கடைசியில் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளை வேட்டி கட்டி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி முக்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் காலையில் அரைத்துத் தேய்த்துத் தயார் பண்ணிய குச்சிதான். விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் குச்சியில் விட்டீர்கள். “இது டாக்டர் பாக்கற டெஸ்ட் இல்லை, நான் எனக்காகப் பாக்கறது” என்று முதலிலேயே சொன்னீர்கள். அதெல்லாம் அவர் காதில் எங்கே ஏறியது? கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடு நிமிர்ந்து நின்றது.

“பாஸா மேடம்?”

“நன்னாத்தான் இருக்கு…” என்று இழுத்தீர்கள். அவருடைய கையைப் பார்த்தீர்கள், கண்ணைப் பார்த்தீர்கள், திரும்பக் கோட்டைப் பார்த்தீர்கள். அந்த இழுப்பு எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு ரயிலில் முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம், “கம்ப்யூட்டரே சொல்லிடிச்சி, எனக்கு ஒண்ணும் இல்லியாம்” என்று சொல்லிக்கொண்டு வந்தார். அடுத்த வாரமே இன்னும் இரண்டு தோப்பு ஒத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் ஒரு மாதிரி ஆனீர்கள். மற்ற நாளில் என்னைக் கல்வத்தில் உட்கார வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை மட்டும் “நீ ஜன்னலைத் துடை, நான் அரைச்சுக்கறேன்” என்பீர்கள். ஜன்னல் என்ன, வாரா வாரம் அழுக்காகிறதா? “வெள்ளிக்கிழமை விரதம் உங்களுக்கா, எனக்கா, இல்ல கல்வத்துக்கா மேடம்?” என்று கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. வீங்கிய கையால் அரைத்துக்கொண்டே இருந்தீர்கள். குழவி தட்டுகிற சத்தத்தில் வலி தெரிந்தது. என் பேச்சு பிடிக்கவில்லை போலிருக்கிறது, மெதுவாக என்னை வெளியே அனுப்பிவிடப் போகிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை உங்கள் கையில் இருந்து குழவி நழுவித் தரையில் உருண்டது. எடுக்கக் குனிந்தீர்கள், விரல் மடங்கவில்லை. நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து குழவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

“நான் இன்னா தப்பு பண்ணிட்டேன்னு சொல்லுங்க மேடம். வாய் ஜாஸ்தின்னா குறைச்சுக்கறேன். குறையாது, இருந்தாலும் ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.”

நீங்கள் இந்த இழுப்பறையைத் திறந்து ஒரு பட்டர் பேப்பரை எடுத்தீர்கள். எத்திராஜு வந்த அன்றைக்கு நான் குச்சியைத் தேய்த்த பேப்பர். நடுவில் கருப்பு வட்டம், ஓரத்தில் என் கட்டைவிரல் பட்ட இடம் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. இந்தப் பாட்டிலில் இருந்து அந்த ஓரத்தில் ஒரு சொட்டு விட்டீர்கள்.

சிவந்துகொண்டு வந்தது. என் விரல் ரேகை ரேகையாகச் சிவந்தது.

“ஆரத்தி!” என்றேன். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் வருகிற சிவப்பு எந்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாது?

மற்ற நாளில் எனக்குக் காக்காய்க் குளியல். வெள்ளிக்கிழமை மட்டும் தலை முழுகி, மஞ்சளை இழைத்து, முகம் கை கால் எல்லாம் பூசிக்கொண்டு வருவேன். நெற்றி வேர்வையைப் புறங்கையால் வழித்துவிட்டு அதே கையால் கரியைத் தேய்ப்பேன்.

“மஞ்சள் கரியில ஏறிடறது கன்னியம்மா. அதுவும் கரண்ட் குடுக்கறது. என்ஜைம் மயங்கிக் கெடந்தாலும் கோடு நிமிர்ந்து நிக்கும். கரி பொய் சொல்லாது, நம்ம கைதான் சொல்லும். உங்காத்துக்காரர்கிட்ட நான் நன்னா இருக்குன்னு சொன்னேனே, அது சரியில்லை.”

“இத அன்னிக்கே சொல்லி இருக்கலாமே மேடம்? ஒத்த வார்த்த, மஞ்ச பூசாதடின்னா நான் கேக்க மாட்டனா?”

அப்போது நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நான் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த ஜன்னல்.

“நான் எப்படிச் சொல்வேன்? உன்னைப் பாத்து, என் வாயால, மஞ்சள் பூசாதேன்னு?”

உங்கள் கதையை லேபில் எல்லோரும் அரைகுறையாகச் சொல்வார்கள். கல்யாணமாகி அடுத்த வருஷமே உங்கள் வீட்டுக்காரர் தவறிவிட்டார், அதற்குப் பிறகுதான் திரும்பப் படிக்க வந்தீர்கள், அண்ணா வீட்டு மாடியில் இருக்கிறீர்கள் என்று. அங்கே விசேஷம் என்றால் யாரும் சொல்லாமலே, ஆரத்தி கரைக்கிற நேரம் பார்த்துப் பின்கட்டுக்குப் போய்விடுவீர்களாம். அப்படிப்பட்ட நீங்கள் என்னிடம் இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல், வீங்கிய கையால் வாரா வாரம் கரி அரைத்திருக்கிறீர்கள்.

கையுறை போட்டால் என்ன என்று கேட்டேன். அதற்குள் இருக்கிற மாவு மஞ்சளைவிட மோசம் என்றீர்கள். உறை போட்ட விரலுக்குக் கரியின் பதமும் தெரியாது. அதோடு முகத்தில் இருந்து சொட்டுகிற வேர்வைக்கு எந்த உறையைப் போடுவது?

“சரி மேடம். மஞ்ச யாருக்காகப் பூசறேன்? அவருக்காகத்தான? அவருக்காகவே உட்டுடறேன். முடிஞ்சுது போங்க” என்றேன். பெரிய தைரியமாகத்தான் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை தலை முழுகிவிட்டு மஞ்சள் கல்லின் முன்னால் உட்கார்ந்தபோது, கை தானாக மஞ்சளை எடுத்தது. திரும்ப வைத்தேன்.

அத்தை சும்மா விடுவாளா?

“ஏண்டி, எம்புள்ள உசுரோட கீறப்பவே மூஞ்சிய மொழுவாத செவுரு மாதிரி வச்சிக்கினு எங்கடி பொறப்பட்டுட்ட?”

“உம்புள்ள உசுரோட கீறணும்னுதான் அத்தை.”

“மஞ்ச பூசனா உசுரு போவுமா? எந்த ஊரு நியாயம்டி இது?”

எனக்கே அரைகுறையாகப் புரிந்ததை நான் எங்கே அவளுக்குப் புரியவைப்பது? கரி, கரண்ட், கோடு என்று நான் சொல்லச் சொல்ல, எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்றுதான் அவள் முடிவு பண்ணினாள். எத்திராஜு முதலில் சிரித்தார். அப்புறம் முறைத்தார்.

“அந்த ஐயரூட்டம்மா சொல்லிச்சா? அவங்களுக்குத்தான் புருஷன் இல்ல. உனக்குமா இல்ல?”

இதை நான் உங்களிடம் சொன்னதே இல்லை. அன்றைக்கு அவருக்குச் சோறு மட்டும் போட்டேன். படுக்கப் போகும்போது சொன்னேன்: “இன்னொரு தபா வந்து ரத்தம் குடுய்யா. கோடு நின்னுச்சுன்னா அன்னிக்கே மஞ்சளும் பூசறேன், ஊருக்கே பொங்கலும் வைக்கறேன்.”

“ஒருதரம் பாஸான பரிச்சைய எவனாவது மறுபடி எழுதுவானா? போடி.”

அப்படியே இழுத்துக்கொண்டு போனது. நீங்கள் தினமும், “வரேன்னாரா?” என்று கேட்பீர்கள். நான் தலையை ஆட்டுவேன். அவர் தினமும் மிஷினைத் தூக்கிக்கொண்டு போவார். நான் வெறும் முகத்தோடு ரயில் ஏறுவேன். இரண்டு பேரும் பிடிவாதம். அந்த நாட்களை நினைத்தாலே எனக்கு இப்போதும் அலுப்பாக இருக்கிறது.

கடைசியில் அவரைக் கூட்டி வந்தது நீங்களும் இல்லை, நானும் இல்லை. ரயிலில் பூ விற்கிற அம்மா. வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்கு ஒரு முழம் கிள்ளித் தருவாள். சில வாரமாக என் வெறும் முகத்தைக் கவனித்துவந்தவள், அன்றைக்குப் பூக்கூடையை மடியோடு இழுத்துக்கொண்டாள். என் கையைப் பிடித்து, “பாவம், இன்னாமா ஆச்சு அவருக்கு? சின்ன வயசாச்சே” என்றாள். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இன்னும் பாவப்படுவார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனதும் சொன்னேன். “யோவ், இன்னைக்கு ரயில்ல உனக்குக் கருமாதியே பண்ணிட்டாங்க. நான் ஒருத்திதான் அழுவல.”

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை ஆடி, பருப்பு தட்டுக்கு வெளியே சிந்தியது. சிந்தியதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மிஷினைத் தூக்கவில்லை. எனக்கு முன்னால் ஸ்டேஷனில் போய் நின்றார்.

அந்தக் குச்சிகளை நான்தான் அரைத்தேன், நான்தான் தேய்த்தேன். பேப்பரில் நீங்கள் சொட்டு விட்டுப் பார்த்தீர்கள். சிவக்கவில்லை. முதலில் என் விரலில் குத்தினீர்கள். என் கோடு நிமிர்ந்து நின்றது. “உன் வாய் மாதிரியே நிக்குது பாரு” என்றார் அவர். அப்புறம் அவர் விரல். கோடு கிளம்பி, கொஞ்சம் தலை தூக்கி, அப்படியே படுத்துக்கொண்டது.

“மிஷின் கெட்டுப் போச்சா மேடம்?”

நீங்கள் இன்னொரு குச்சியை எடுத்தீர்கள். அதுவும் படுத்தது. மூன்றாவது குச்சியை அவரே கேட்டு வாங்கிப் பார்த்தார். அப்புறம் தன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அது யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏமீ காலேதுன்னுதான் நெனச்சேன்” என்றார். அந்தத் தெலுங்கு அன்றைக்கு எடுபடவில்லை.

நீங்களே ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அங்கே எடுத்த டெஸ்டும் அதையேதான் சொன்னது. இனிமேல் மருந்துப் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். வருகிற வழியெல்லாம் நடுவில் உட்கார்ந்த நான்தான் என்னென்னவோ உளறிக்கொண்டு வந்தேன். இறங்கும்போது அவர் உங்களைப் பார்த்து, “அன்னிக்கு உங்கள ஒரு வார்த்த தப்பா சொல்லிட்டேன் மேடம், மனசுல வச்சுக்காதீங்க” என்றார். “என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே” என்றீர்கள் நீங்கள். நான் ஆட்டோவின் அந்தப் பக்கம் திரும்பி, போகிற வருகிற பஸ்ஸின் போர்டை எல்லாம் வாசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் மிஷினை விட்டார். இப்போது மாங்காய் மண்டி வாசலில் வண்டிகளை வரிசையாக விடுகிற வேலை. விசிலும் கையுமாக நிற்கிறார். நடுக்கம் குறைந்தது, போகவில்லை. அவர் எந்த வண்டியை வரச் சொல்கிறார், எதைப் போகச் சொல்கிறார் என்று டிரைவர்களுக்குச் சமயத்தில் விளங்குவதில்லை.

எனக்கும் அவருக்கும் இருந்த ஒப்பந்தப்படி கோடு நிற்கவில்லை, ஆகையால் நான் மஞ்சள் பூச வேண்டியதில்லை. அத்தைக்காக நீங்கள் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் பூசிக்கொள், ஞாயிற்றுக்கிழமை தேய்த்துக் குளித்துவிட்டு வெயிலில் நில், வெயிலுக்கு மஞ்சள் வெளுத்துப்போகும் என்றீர்கள். பாகாலாவில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கையை நீட்டிக்கொண்டு வெயிலில் நின்ற பைத்தியம் நான் ஒருத்திதான் மேடம்.

தோப்பில் மருந்து அடிக்கிற எல்லோரையும் இப்படிப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை. எத்தனை தடவை குச்சிகளை ஐஸ் டப்பாவில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். ஓர் ஊரில் ஆள் வரவில்லை. இன்னோர் ஊரில், ஊசி குத்தி என்ன எடுக்கிறீர்கள் என்று துரத்தினார்கள். போகிற வழியில் ஐஸ் உருகி என்ஜைம் செத்தது. லேபில் கரண்ட் போய்ச் செத்தது. நீங்கள் மறுபடி வாங்குவீர்கள், நான் மறுபடி அரைப்பேன். நாம் செய்த கரிக்குச்சி கடைக்கும் போகவில்லை, ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. அத்தனை வருஷத்து அரைப்பில் ஒரு மனுஷன் மருந்து மிஷினைக் கீழே வைத்தான், அவ்வளவுதான். “ஒருத்தர் போறாதா?” என்று ஒருநாள் நீங்களே கேட்டீர்கள். “போறாது” என்று நீங்களே சொல்லிக்கொண்டீர்கள்.

நீங்கள் ரிட்டயர் ஆன அன்றைக்குப் பெரிய மனிதர்கள் சால்வை போட்டு, பேசி, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். லேபில் நாம் இரண்டு பேர்தான். நான் பையில் இருந்து கிண்ணத்தை எடுத்தேன். வீட்டில் இழைத்துக் கொண்டுவந்த மஞ்சள்.

“இது எதுக்குடி இங்கே? குச்சி எல்லாம் வெளியில இருக்கு!”

“எல்லாத்தையும் மூடிட்டேன் மேடம். கையக் குடுங்க.”

“எனக்கா? வேண்டாம் கன்னியம்மா.”

“நீங்கதான் இன்னிலருந்து வேலைல இல்லியே. உங்க கையி யாரக் கெடுக்கப்போவுது?”

நீங்கள் கையைத் தரவில்லை. இழுத்துக்கொள்ளவும் இல்லை. நானே எடுத்து வைத்துப் பூசினேன், வீங்கிய மணிக்கட்டு வரைக்கும். சிரித்துச் சிரித்து ஏதேதோ பேசிக்கொண்டே பூசினேன். பேச்சை நிறுத்தினால் இரண்டு பேரும் அழுதுவிடுவோம் என்று தெரியும். நீங்கள் இரண்டு கையையும் விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவீர்கள் என்று நினைத்தேன். அப்படியே பஸ் ஏறினீர்கள்.

ரிட்டயர் ஆனால் விடுவீர்களா? அடுத்த வாரமே, சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வந்து கல்வத்தின் முன்னால் உட்கார்ந்தீர்கள். போன மழைக்காலம் வரைக்கும் அந்தச் சும்மாவிலேயே ஓடியது. அப்புறம் ஒரு காலையில் உங்கள் அண்ணா போன் பண்ணினார். தூக்கத்திலேயே என்றார்.

நான் வந்தேன் மேடம். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஒரு மூலையில் நின்று உங்கள் கையை மட்டும் பார்த்தேன். மஞ்சள் இல்லை, அவர்கள் வைக்க மாட்டார்கள். ஆனால் கட்டைவிரல் நகக்கண்ணில் கரி இருந்தது. எத்தனை குளிப்பாட்டியும் அது போகவில்லை.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். புது சார் நல்ல பிள்ளை. மாவு இல்லாத கையுறை வாங்கி வைத்திருக்கிறார், மஞ்சள் பூசிக்கொண்டே வாங்கம்மா என்கிறார். எனக்குத்தான் பழக்கம் விடவில்லை. காலையில் அரைத்துத் தேய்த்து முடித்த பேப்பரில், உங்கள் பாட்டிலில் இருந்து ஒரு சொட்டு விட்டேன். சிவக்கவில்லை. இன்னும் ஒரு சொட்டு விட்டேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. பாட்டிலைத் திரும்ப இழுப்பறையில் வைக்கவில்லை, என் பையில் போட்டுக்கொண்டேன். சார் கேட்டால் நீங்கள் கொடுத்ததாகச் சொல்வேன். சீட்டில் என் பெயர்தானே இருக்கிறது.

சாயங்காலம் பாகாலாவில் இறங்கினேன். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. எத்திராஜு வண்டியோடு வெளியில் நின்றுகொண்டிருந்தார். ஹேண்டில்மேல் கை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் வழக்கம்போல ஆரம்பித்தார்.

“இன்னாடி, மஞ்ச பூசற எடத்துலல்லாம் கரிய பூசிக்கினு வந்துகீற?”

தோள் துண்டை எடுத்து, ஆடுகிற கையால் என் கன்னத்தைத் துடைக்க வந்தார்.

“உடுய்யா. அது இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.